துப்பாக்கியில் நகாசு வேலை: கேள்வி பதில்

கேள்வி: ஆளைக் கொல்லும் கருவிக்கு இத்தனை அலங்காரம் எதற்கு ஐயா?

அந்தக் காலத்தில் துப்பாக்கியின் இயந்திரமே பெரிய ஆடம்பரம். சக்கர விசைத் துப்பாக்கியில் சாவி போட்டு முறுக்கிய வில், எஃகுச் சக்கரத்தைச் சுழற்றும். அது பைரைட் கல்லில் உரசித் தீப்பொறி கிளம்பும். 1540களில் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு இரட்டைக்குழல் கைத்துப்பாக்கி செய்த மியூனிக் நகரத்து பீட்டர் பெக், கடிகாரமும் செய்தவர். அவ்வளவு செலவழித்து வாங்கியதை மொட்டையாகவா விடுவார்கள்? அந்தக் கைத்துப்பாக்கி இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: துப்பாக்கியின் மரக்கட்டையில் வெள்ளையாகப் பதித்திருப்பது தந்தமா?

பல ஐரோப்பியத் துப்பாக்கிகளில் அது மான்கொம்பு. மெல்லிய தகடாக அறுத்து, மரத்தில் அதே வடிவத்தில் பள்ளம் வெட்டி ஒட்டுவார்கள். அப்புறம் அதன்மேல் நாய், மான், வேட்டைக்காரன் என்று கோடு கீறி, கோட்டுக்குள் கறுப்பு நிரப்புவார்கள். உற்றுப் பார்த்தால் சில இடங்களில் கொம்பின் நுண்துளைகள் தெரியும்.

கேள்வி: எல்லாம் ஒரே ஆள் வேலையா?

பெரும்பாலும் இல்லை. குழலுக்கு ஒருவர், விசைக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர். 1600களின் தொடக்கத்தில் மியூனிக்கில் இமானுவேல், டேனியல் சாடெலர் சகோதரர்கள் எஃகைச் செதுக்கினார்கள். கட்டை வேலை போர்ஸ்டோர்ஃபர் என்ற கைவினைஞருடையது. எஃகை உளியால் புடைப்புச் சிற்பமாக்கி, உருவங்களை நீலமாக்கி, பின்னணிக்குப் பொன் பூசுவார்கள். அந்த நீலம் சாயம் அல்ல. எஃகைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான். என்னைக் கேட்டால், துப்பாக்கிக் கலையில் இதற்கு மிஞ்சியது இல்லை.

கேள்வி: இந்தியாவில்?

எஃகில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, பொன்கம்பியைத் தட்டிப் பதிக்கும் கோஃப்த்கரி வேலை உண்டு. திப்பு சுல்தானின் துப்பாக்கிகளில் புலித்தலையோ புலிவரியோ எங்காவது தென்படும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவை உலகெங்கும் சிதறிவிட்டன.

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கி பரணில் கிடக்கிறது. பாலிஷ் போடலாமா?

வேண்டாம். துருவோடு நீலமும் பொன்னும் போய்விடும். அதைவிட முக்கியம், உள்ளே வெடிமருந்து கெட்டித்தபடியே இருக்கலாம். முன்வாய் வழியாக மருந்து இடும் துப்பாக்கிகளில் இது நடக்கக்கூடியதுதான். அனுபவசாலிகள் மரக்குச்சியை வாய் வழியாக விட்டு அளந்து, குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிடுவார்கள். குச்சி அடிவரை போகாமல் நின்றால் சந்தேகம். நீங்கள் அதைக்கூடச் செய்ய வேண்டாம். குழலுக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.