ஸ்பேர் வரவில்லை என்றால், எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்

காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் காத்திருப்பவர்களின் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளமாக இருக்கும். அதே நிலையில் பலர் இருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மழையில் முன்னால் போன லாரி சடன் பிரேக் போட, அதன் பின்னால் இடித்துவிட்டேன். பம்பர், பானெட், ரேடியேட்டர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். இடது பக்க ஹெட்லேம்ப் மட்டும் வரவில்லை. கேஷ்லெஸ் கிளெய்ம், இன்ஷூரன்ஸ் தரப்பில் பிரச்சினை இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கார் நின்று இரண்டரை மாதம் ஆகிறது. எப்போது போன் செய்தாலும் "அடுத்த வாரம் வந்துடும் சார், சிப் ஷார்ட்டேஜ்" என்கிறார்கள். ஒரு பக்கம் இ.எம்.ஐ., இன்னொரு பக்கம் ஆட்டோ செலவு. ஹெட்லேம்ப்புக்குள் சிப் எங்கே வந்தது? நான் என்ன செய்யலாம்?
வாசகர், மதுரை

பதில்: ஹெட்லேம்ப்புக்குள் சிப் இருப்பது உண்மைதான். எல்.இ.டி. விளக்கு என்றால் அதன் பின்புறம் ஒரு சின்ன கன்ட்ரோல் யூனிட் ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை அளந்து விடுவது அதன் வேலை. அது இல்லாமல் விளக்கு எரியாது. தட்டுப்பாடும் கற்பனை இல்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் பனியால் மின்சாரம் போய் சிப் ஆலைகள் நின்றன. அடுத்த மாதமே ஜப்பானில் ரெனெசாஸ் என்ற சிப் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. கோவிட்டால் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த கார் உலகம் இந்த இரண்டிலும் உட்கார்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் நெக்ஸ்பீரியா என்ற சிப் நிறுவனத்தை யார் கட்டுப்படுத்துவது என்று நெதர்லாந்துக்கும் சீனாவுக்கும் தகராறு வந்து, சீனாவிலிருந்து அதன் சிப்கள் வருவது தடைப்பட்டது. அவை சாதாரண, மலிவான சிப்கள். ஆனாலும் அவை இல்லாமல் மெக்சிகோவில் ஹோண்டா தன் ஆலையையே நிறுத்த வேண்டியிருந்தது.

ஆனால், உலகத்தில் தட்டுப்பாடு இருக்கிறது என்பதால் உங்கள் ஹெட்லேம்ப்பும் அதனால்தான் வரவில்லை என்று ஆகிவிடாது. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு பாகம் நான்கு இடங்களில் நிற்கலாம்: டீலர் ஆர்டரே போடாமல் இருக்கலாம், ஆர்டர் போட்டும் கம்பெனியின் கிடங்கில் இல்லாமல் இருக்கலாம், கம்பெனிக்கு அதைச் செய்து தரும் சப்ளையரிடம் இல்லாமல் இருக்கலாம், கப்பலிலோ சுங்கத்திலோ இருக்கலாம். இதில் முதல் காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒப்புதல் தந்த பிறகுதான் பல டீலர்கள் ஆர்டர் போடுவார்கள். வண்டியைப் பிரித்த பிறகு தெரியவந்த சேதத்துக்கு இரண்டாவது எஸ்டிமேட் போடுவார்கள். அதற்குத் தனி ஒப்புதல் வர வேண்டும். அந்த ஒப்புதல் வந்த நாளுக்கும் ஆர்டர் போட்ட நாளுக்கும் நடுவே எத்தனை நாள் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் "ஷார்ட்டேஜ்" என்ற ஒரே சொல்லில் மூடிவிடலாம்.

அதனால் இனி போனில் "எப்போ வரும்" என்று கேட்காதீர்கள். உங்கள் எஸ்டிமேட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பார்ட் நம்பர் இருக்கும். ஹெட்லேம்ப்புக்கு எதிரே இருப்பதைக் குறித்துக்கொண்டு, சர்வீஸ் மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

"ஜாப் கார்டு எண் இது, பார்ட் நம்பர் இது. இந்தப் பாகத்துக்கு எந்தத் தேதியில் ஆர்டர் போட்டீர்கள், ஆர்டர் எண் என்ன, கம்பெனி சொல்லியிருக்கும் தேதி என்ன, வண்டி ஓடாமல் நிற்பதால் வி.ஓ.ஆர். ஆர்டராகப் போட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

வி.ஓ.ஆர். என்பது டீலர்களின் பேச்சில் அன்றாடம் புழங்கும் சொல். சாலைக்கு வர முடியாமல் நிற்கிற வண்டிக்கான அவசர ஆர்டர் அது. ஸ்டாக்குக்காகப் போடும் ஆர்டரைவிட அதற்கு முன்னுரிமை உண்டு. வாடிக்கையாளர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டாலே பதிலின் தொனி மாறும்.

இரண்டு மூன்று நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலைக் கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அனுப்புங்கள். அதோடு, அதே கம்பெனியின் வேறு டீலர்களிடம், கோவையோ திருச்சியோ சென்னையோ, பார்ட் நம்பரைச் சொல்லி ஸ்டாக் இருக்கிறதா என்று நீங்களே விசாரியுங்கள். ஒரு டீலரிடம் தூங்கிக்கொண்டிருக்கும் பாகத்தை இன்னொரு டீலர் வாங்கித் தருவது நடக்கக்கூடியதுதான். யாராவது கேட்டால்தான் நடக்கும்.

வண்டி நிற்கும் காலத்தில் கவனிக்க வேண்டியவை சில. இன்ஷூரன்ஸ் முடிகிற தேதியைப் பாருங்கள். வண்டிதான் ஓடவில்லையே என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், பிறகு இன்ஸ்பெக்‌ஷன் செய்துதான் பாலிசி தருவார்கள். விளக்கில்லாமல் நிற்கும் வண்டியை எப்படி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவீர்கள்? இ.எம்.ஐ.யையும் நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் சர்வீஸ் சென்டரின் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை, கெட்டுப்போவது உங்கள் சிபில் ஸ்கோர்தான். ஒரு முறை நேரில் போய் வண்டியைப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருக்கும். எலி வயரைக் கடித்திருந்தால், அது விபத்தில் வந்த சேதம் இல்லை என்று பிறகு உங்கள் தலையில் கட்டுவார்கள். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, டயர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.

ஆட்டோ செலவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சாதாரண பாலிசியில் அது கிடைக்காது. வண்டி இல்லாததால் வரும் செலவை அது ஏற்பதில்லை. தினசரி அலவன்ஸ் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் கிடைக்கும். பாலிசியின் ஆட்-ஆன் பட்டியலைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். கம்பெனிக்கும் புகார் போகும். சில நேரம் அந்த ஒரு போனிலேயே பாகம் கிடைத்துவிடுவதும் உண்டு. கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான். உலகளாவிய தட்டுப்பாட்டுக்கு டீலர் பொறுப்பில்லை என்று வாதாடலாம். ஆர்டர் போட்ட தேதியைச் சொல்ல மறுத்ததற்கு என்ன வாதம் சொல்வார்? அதனால்தான் மின்னஞ்சலில் கேளுங்கள் என்கிறேன். போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "பகலில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்" என்று ஒற்றை விளக்கோடு வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். மழை நாளில் பகலும் இருட்டுதான்.

கேள்வி: 2017 மாடல் ஃபோர்டு கார் வைத்திருக்கிறேன். வண்டி அருமையாக ஓடுகிறது. ஆலையை மூடிவிட்ட கம்பெனி, ஸ்பேர் கிடைக்காமல் போய்விடும், இப்போதே விற்றுவிடு என்று தம்பி நச்சரிக்கிறான். விற்றுவிடவா?
வாசகி, செங்கல்பட்டு

பதில்: பயத்தில் விற்க வேண்டாம், அம்மா. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தபோதே, சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்றும் சொன்னது. 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையைத் திரும்பப் பயன்படுத்தப்போவதாகச் சொன்னது ஏற்றுமதிக்காக. அதை வைத்து உங்கள் காருக்கு ஸ்பேர் பெருகும் என்று எண்ண வேண்டாம்.

கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பிரேக், ஷாக் அப்சார்பர், ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் போன்றவற்றை வேறு நிறுவனங்கள் செய்து தருகின்றன, பலவற்றைத் தங்கள் சொந்தப் பெயரிலும் கடையில் விற்கின்றன. பாஷ், வேலியோ, லூகாஸ் டி.வி.எஸ்., கேப்ரியல் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் பழைய பார்ட் நம்பரைக் காட்டிக் கேட்டால் உங்கள் மாடலுக்குப் பொருந்துவதை எடுத்துத் தருவார்கள். ஓடித் தேயும் பாகங்களுக்குக் கவலை குறைவு. கஷ்டம் தருவது அந்த மாடலுக்கே உரிய பாகங்கள்தான்: கதவு, பம்பர், டெயில் லேம்ப், டேஷ்போர்டு, எலக்ட்ரானிக் யூனிட்.

அவற்றுக்குச் சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை கைகொடுக்கும். கதவோ கண்ணாடியோ பழையது வாங்குவதில் தவறில்லை. பில் கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் சிக்கல் உங்களுக்கு. ஆனால் ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் எதையும் பழையதாக வாங்கவே கூடாது. வெடித்த ஏர்பேக்கை மடித்து வைத்துப் புதுசு போல் தருபவர்களும் இருக்கிறார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியாது.

கேள்வி: கம்பெனியில் பாகம் வரத் தாமதமாகிறது. வெளிக் கடையில் வாங்கிப் போட்டால் வாரன்ட்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். உண்மையா?
வாசகர், ஈரோடு

பதில்: முழுக்க உண்மையில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளிச் சந்தையில் உதிரி பாகங்கள் கிடைக்காமல் தடுக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்ட்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டதால், அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. நடைமுறையில் வைப்பர், ஃபில்டர், பேட்டரி, பல்பு போன்றவற்றைத் தரமானதாக வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் விஷயத்தில் வாரன்ட்டி இருக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது. வாரன்ட்டியில் மாற்றித்தர வேண்டிய பாகம் வராமல் வண்டி நின்றால், நின்ற நாட்களுக்கு வாரன்ட்டியை நீட்டித்துத் தரும்படி கம்பெனிக்கு எழுதுங்கள். கேட்டால் கொடுத்தவர்கள் உண்டு, தானாக யாரும் கொடுப்பதில்லை.

கேள்வி: அடுத்த மாதம் கார் வாங்கப் போகிறோம். ஸ்பேர் ஒழுங்காகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, தூத்துக்குடி

பதில்: ஷோரூமில் கேட்காதீர்கள், அங்கே எல்லாம் கிடைக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஸ்பேர்ஸ் கவுன்ட்டருக்கு ஒரு நாள் காலையில் போங்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலைச் சொல்லி, முன்பக்க பம்பர், ஹெட்லேம்ப், முன் கண்ணாடி மூன்றுக்கும் விலையும் ஸ்டாக்கும் கேளுங்கள். விபத்தில் முதலில் உடைபவை இவைதான். "ஆர்டர் போட்டால் எத்தனை நாள்" என்று கேட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். அப்புறம் வெளியே வரும்போது யார்டில் பிரித்துப்போட்ட நிலையில் எத்தனை வண்டி தூசி படிந்து நிற்கிறது என்று பாருங்கள், பக்கத்தில் நிற்கும் டிரைவரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று விசாரியுங்கள். முழுக்க இறக்குமதியாகும் மாடலாகவோ அதிகம் விற்காத மாடலாகவோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது தினசரி அலவன்ஸ் கவரை விலை விசாரித்து, எத்தனை நாள் வரை தருவார்கள், முதல் எத்தனை நாளுக்குத் தர மாட்டார்கள் என்பதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.