தண்ணீர் வடிந்த பிறகு: வங்கதேசக் கரையோர ஏழைகள் பற்றிக் கேள்வி பதில்

நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்த பொறியாளர். வங்கதேசத்தின் தென்மேற்கே, சுந்தரவனக் காட்டை ஒட்டிய குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் சில ஆண்டுகள் இருந்தேன். பருவநிலை மாற்றம் அங்குள்ள ஏழைகளை என்ன செய்கிறது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: 2050க்குள் வங்கதேசம் கடலில் மூழ்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

அப்படி மொத்தமாக மூழ்காது, அம்மா. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. மேக்னா முகத்துவாரத்தில் புது நிலம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ரோஹிங்யா அகதிகளைக் குடியேற்றிய பாஷன் சர் தீவு, இந்த நூற்றாண்டில்தான் தண்ணீருக்கு மேல் தலைகாட்டியது. வரைபடத்தில் பாதி நாட்டுக்கு நீல வண்ணம் பூசிக் காட்டுபவர்கள் இந்த வண்டலைக் கணக்கில் எடுப்பதில்லை. நிலம் இருக்கும். அதில் நெல் விளையுமா, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியுமா என்பதுதான் அங்குள்ளவர்களின் கவலை.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர்: எங்களுக்கும் அதே வங்கக் கடல்தான். அங்கே புயலில் சாவது குறைந்திருக்கிறதா, ஐயா?

நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. 1970 நவம்பரில் வந்த போலா புயலில் 3 முதல் 5 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர். 2007இல் சிதர் வந்தபோது ஏறத்தாழ 3,400 பேர். 2020இல் அம்பான் வந்தபோது, கொரோனா காலத்திலும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர்.

இதற்குக் காரணம் பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. 1970களின் தொடக்கத்தில் செம்பிறைச் சங்கமும் அரசும் சேர்ந்து ஒரு தொண்டர் படையை உருவாக்கின. இன்று அதில் சுமார் 76,000 பேர், பாதிப்பேர் பெண்கள். அபாயம் கூடக் கூட ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள். ஒலிபெருக்கியுடன் வீடுவீடாகப் போவார்கள். பெண்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 1991இல் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு இறந்தார்கள். கணவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், கைக்குழந்தையோடு ஓட முடியாதவர்கள், புடவை காலைச் சுற்றிக்கொள்ள நீந்த முடியாமல் போனவர்கள். ஆண்கள் நிறைந்த புயல் கூடத்துக்குள் போகத் தயங்கியவர்களும் உண்டு. கதவைத் தட்டிக் கூப்பிடுவது ஒரு பெண் என்றால் இந்தத் தயக்கம் குறைகிறது.

ஆனால் செத்தவர்களின் எண்ணிக்கையோடு கணக்கை மூடிவிடக் கூடாது. 2009 மே மாதம் வந்த ஐலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதில் இறந்தவர்கள் 200க்கும் குறைவு. செய்தித்தாள்கள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டன. குல்னாவின் தாக்கோப், சாத்கிராவின் ஷ்யாம்நகர் பக்கத்தில் கரைகள் உடைந்த சில ஊர்களிலோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடல்நீர் தினமும் இரண்டு வேளை உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. அத்தனை காலமும் மக்கள் உடையாமல் நின்ற கரையின் மேல் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். புயல் ஒரு ராத்திரி, தண்ணீர் எழுநூறு ராத்திரி.

மதுரையிலிருந்து ஒரு செவிலியர்: உப்புத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகிறது?

தாக்கோப் பகுதியில் கர்ப்பிணிப் பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். கோடையில் குடிதண்ணீர் வழியாக மட்டுமே ஒரு நாளைக்கு 5 முதல் 16 கிராம் வரை சோடியம் உடலுக்குள் போவதாகக் கணக்கிட்டார்கள். மழைக்காலத்தில் அது 0.6 முதல் 1.2 கிராம். உணவும் நீரும் சேர்ந்தே 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பகால ரத்த அழுத்தமும் மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் அதிகமாக இருந்தது. அதன் விளைவுகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "உப்பைக் குறையுங்கள்" என்று நீங்கள் அறிவுரை சொன்னால், அந்தப் பெண் குழம்பில் உப்பைக் குறைக்கலாம். குடத்தில் எப்படிக் குறைப்பாள்?

வசதியுள்ளவர்கள் சுத்திகரித்த தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறார்கள். இல்லாதவர்கள் நல்ல குளத்தைத் தேடி நடக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு விவசாயி: எங்கள் பக்கம் இறால் பண்ணைகள் வயலைக் கெடுத்தன. அங்கேயும் அப்படியா?

அங்கே இன்னும் பெரிய அளவில். 1980களில் ஏற்றுமதி விலையைப் பார்த்துப் பணக்காரர்கள் கரையை வெட்டி உப்புநீரை வயலுக்குள் விட்டார்கள். 'கேர்' என்று அந்தப் பண்ணைக்குப் பெயர். நெல் வயலுக்கு நடவு, களை, அறுப்பு என்று பல கைகள் வேண்டும். இறாலுக்கு இரண்டு காவல்காரர்கள் போதும். கூலி வேலை போயிற்று, புல் இல்லாமல் மாடு போயிற்று, பிறகு மரங்களும் பட்டுப்போயின. பிழைப்பு இழந்த பெண்கள் இடுப்பளவு உப்பு நீரில் நீல வலையை இழுத்து இறால் குஞ்சு பிடித்து அதே பண்ணைகளுக்கு விற்றார்கள். இயற்கைக் குஞ்சுகளைப் பிடிக்க 2000ஆம் ஆண்டில் தடை வந்தது. வேறு வேலை வராததால் வலைகள் நிற்கவில்லை.

எதிர்த்தவர்களும் உண்டு. குல்னா மாவட்டம் ஹரின்கோலாவில் நிலமற்றவர்களின் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்த கருணாமயி சர்தார் 1990 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அவர் காத்த 22ஆம் எண் போல்டருக்குள் (போல்டர் என்றால் சுற்றிலும் கரை கட்டிய நிலத் துண்டு) இறால் பண்ணை நுழையவில்லை. பக்கத்துப் போல்டரிலிருந்து அங்கே போனால், பச்சை எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே காணலாம். உங்கள் பக்கத்தில் காந்தியவாதி ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், 2005ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடி வழிவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் இது மனிதர்கள் செய்த கோளாறு. எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போடுவது நியாயமா?

நியாயமில்லை, அங்குள்ள விவரமறிந்தவர்கள் போடுவதுமில்லை. நான் சொன்ன போல்டர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களிலிருந்து கட்டியவை, மொத்தம் 139. கடல்நீர் உள்ளே வரக் கூடாது என்று கட்டினார்கள். வண்டலும் வராமல் நின்றுவிட்டது. உள்ளே நிலம் தாழ்ந்தது, வெளியே ஆறு வண்டலால் மேடானது. இப்போது மழை பெய்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை; ஜெசோர் பக்கம் பவதாவில் ஊர்கள் மாதக்கணக்கில் நீரில் நிற்கின்றன. மேற்கே, இந்தியாவில் கங்கையின் குறுக்கே 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் கோடையில் வரும் நன்னீர் குறைந்தது, உப்பு மேலேறியது. இவற்றுக்கு மேல்தான் கடல்மட்ட உயர்வு வந்து உட்கார்ந்திருக்கிறது.

பீல் டாகாத்தியா என்ற தாழ்நிலச் சதுப்பில் 1990இல் மக்களே கரையை வெட்டி ஓதத்தை (கடல் ஏற்றத்தில் வரும் நீரை) உள்ளே விட்டார்கள். வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது. பொறியாளர்கள் பிற்பாடு அதற்கு ஒரு பெயர் வைத்துத் திட்டமாக்கினார்கள் (எங்கள் சாதியின் வழக்கம் அது). திட்டத்திலும் ஓட்டை இருந்தது. நிலம் சில ஆண்டுகள் தண்ணீருக்கடியில் கிடக்கும்போது நஷ்ட ஈடு பட்டாதாரருக்குத்தான். விளைச்சலில் பங்குக்கு உழுதவருக்கு ஒன்றுமில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: நுண்கடன் பிறந்த நாடு. அது கைகொடுக்கவில்லையா?

கொடுக்கிறது, பிறகு அந்தக் கையைப் பிடித்தும் இழுக்கிறது. நாம் நிலவரிக்குச் சொன்ன 'கிஸ்தி' அங்கே கடனின் வாரத் தவணைக்குப் பெயர். புயலில் கூரை போனால் கடன். அந்தக் கடனின் கிஸ்திக்கு இன்னொரு கடன். அதை அடைக்கச் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி ஆறு மாதம் கணவன் போய்விடுவான். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வங்கதேசக் கிராமக் குடும்பங்கள் இத்தகைய சேதங்களைத் தடுக்கவும் சீர்செய்யவும் தம் பையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவிடுவதாகக் கணக்கிட்டது. அரசின் செலவைவிட அது அதிகம். வெளிநாட்டு உதவியைவிடப் பன்மடங்கு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அந்த நாட்டின் பங்கோ அரை சதவீதத்துக்கும் கீழே. என்னைக் கேட்டால், கட்டணம் செலுத்தும் வரிசையில் இவர்கள் கடைசியில் நிற்க வேண்டியவர்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: இவர்கள் எல்லோரும் எல்லை தாண்டி வந்துவிடுவார்களா?

பெரும்பாலோர் டாக்காவைத் தாண்டுவதில்லை. எல்லை தாண்டவும் காசு வேண்டும். போலா தீவில் ஆறு நிலத்தைத் தின்றபின் வந்தவர்கள் டாக்காவின் மீர்பூர் பகுதியில் குடியேறிய சேரிக்குப் பெயரே போலா பஸ்தி.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: நம்பிக்கை தரும் ஒரு செயலையாவது சொல்லுங்கள்.

2020 ஜூலையில் வடக்கே பிரம்மபுத்திராவில் வெள்ளம் உச்சத்தை எட்டுவதற்கு முன்பே, முன்னறிவிப்பை நம்பி ஐ.நா. அமைப்புகள் ஏழைக் குடும்பங்களின் கைபேசிக் கணக்குக்கு 4,500 டக்கா (வங்கதேசப் பணம்) அனுப்பின. மக்கள் அரிசி வாங்கி வைத்தார்கள், மாட்டை மேட்டுக்கு ஓட்டினார்கள். பணம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள் இவர்களில் குறைவு. வெள்ளம் வடிந்தபின் வரும் அரிசி மூட்டையைவிட இது மலிவு. மாட்டைப் பாதி விலைக்கு விற்கவேண்டிய நிலையும் குறைகிறது.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு பஞ்சாயத்து உறுப்பினர்: மழைநீர்த் தொட்டி கட்டினால் தண்ணீர்ப் பிரச்சினை தீராதா? எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

கணக்குப் போடுவோம். ஐந்து பேர் உள்ள குடும்பம். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 5 லிட்டர் என்றால் நாளைக்கு 25 லிட்டர். அங்கே நவம்பர் தொடங்கி மே வரை நல்ல மழை கிடையாது, 210 நாள். ஆக 5,250 லிட்டர். தகரக் கூரை இருந்து, அதன் அழுக்கைக் கழுவிவரும் முதல் மழைநீரைத் தள்ளிவிட்டால் அவ்வளவு தண்ணீரைப் பிடிப்பது கடினமில்லை, வானம் தாராளமாகவே கொடுக்கிறது. தொட்டிதான் இல்லை. உதவித் திட்டங்களில் நான் அதிகம் பார்த்தது 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. எண்பது நாள் தண்ணீர். அக்டோபர் கடைசியில் நிரம்பி நிற்கும் தொட்டி, நம் ஊரில் பொங்கல் வைத்துக் கொஞ்ச நாளில் அங்கே வற்றிவிடும். அதன் பிறகு ஜூன் வரை அந்த வீட்டுப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். திட்ட அறிக்கையில் அந்த வீடு "குடிநீர் வசதி பெற்றது" என்ற பட்டியலில் இருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் கட்டுவதாக இருந்தால் முதலில் மழையில்லாத நாட்களை எண்ணுங்கள், தொட்டியின் விலையை அப்புறம் கேளுங்கள்.