ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வீடியோ மென்பொருளில் ஒரு பெயர் தானாக எழுதப்பட்டு, பிறகு டஸ்டரால் துடைத்தது போல அழிய வேண்டும். பிரஷ் எடுத்தால் எதுவுமே வரவில்லையே, ஏன்?

முழுக் காட்சியும் தெரியும் காம்போசிஷன் பேனலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பிரஷ், குளோன் ஸ்டாம்ப், இரேசர் மூன்றும், ஒரு லேயரை (அடுக்கை) தனியாகத் திறந்து காட்டும் லேயர் பேனலில் மட்டும்தான் எடுபடும். சாதாரண வீடியோ லேயரை டபுள் கிளிக் செய்தால் போதும். டெக்ஸ்ட் லேயர் அப்படித் திறக்காது. ப்ரீகாம்போஸ் செய்து (லேயரை ஒரு தனி காம்போசிஷனுக்குள் பொதிந்து), லேயர் மெனுவில் ஓப்பன் லேயர் கொடுங்கள்.

எழுதுவதற்கு பிரஷ் வேண்டாம் என்பேன். பெயிண்ட் பேனலில் ட்யூரேஷனை ரைட் ஆன் (Write On) என்று வைத்தால் உங்கள் கை போன வேகத்திலேயே கோடு ஓடும். மவுஸ் நடுக்கமும் சேர்ந்தே பதியும். டெக்ஸ்ட் லேயரின் மேல் பென் டூலால் எழுத்தின் நடுக்கோட்டில் திறந்த மாஸ்க் (முனைகள் சேராத பாதை) வரைந்து, ஜெனரேட்டில் உள்ள ஸ்ட்ரோக் எஃபெக்ட்டைப் போடுங்கள். ஆல் மாஸ்க்ஸ், ஸ்ட்ரோக் சீக்வென்ஷியலி இரண்டையும் டிக் செய்து, பெயிண்ட் ஸ்டைலை ரிவீல் ஒரிஜினல் இமேஜ் ஆக்கி, எண்ட் மதிப்புக்கு 0-விலிருந்து 100 வரை கீஃப்ரேம் (எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்ற குறி) வையுங்கள். பிரஷ் சைஸ் எழுத்தின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அது 50-க்கு மேல் போகாது. அதைவிடத் தடித்த எழுத்தென்றால் ஷேப் லேயரில் கோட்டைப் படிப்படியாக வளரவைக்கும் ட்ரிம் பாத்ஸ் போட்டு, அதை ட்ராக் மேட்டாக (அந்தக் கோடு உள்ள இடத்தில் மட்டும் எழுத்தைக் காட்டும் மறைப்பாக) வைப்பதுதான் வழி.

தமிழ் எழுத்தில்தான் சிக்கல். 'ண' எழுதும்போது முதல் சுழியில் பிரஷ் போகையிலேயே பக்கத்துச் சுழியின் ஓரம் எட்டிப் பார்க்கும். எழுத்தைச் சுழிக்கு ஒரு லேயராக மாஸ்க்கால் வெட்டி, தனித்தனியே ப்ரீகாம்போஸ் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்ட்ரோக் கொடுங்கள். பிளக்இன் இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு என்று யாராவது கேட்பார்கள். ஆங்கிலக் கையெழுத்துக்கென்று ஏற்கெனவே வரைந்து வைத்த பாதைகளைக் காசுக்கு வாங்கி 'ண'-வுக்கு என்ன செய்வது?

துடைப்பதற்கு மட்டும் பெயிண்ட் டூல். மேலே செய்த எல்லாவற்றையும் ஒரே ப்ரீகாம்பாக்கி, ஓப்பன் லேயரில் திறந்து, இரேசரை எடுங்கள். இரேஸ் மோடு லேயர் சோர்ஸ் அண்ட் பெயிண்ட் ஆக இருக்க வேண்டும். லாஸ்ட் ஸ்ட்ரோக் ஒன்லி என்றிருந்தால் தனி அழிப்புக்கோடு உருவாகாது, கீஃப்ரேம் வைக்க ஒன்றும் கிடைக்காது. ட்யூரேஷன் ரைட் ஆன். கண்ட்ரோலைப் பிடித்து இழுத்து பிரஷ்ஷைப் பெரிதாக்கி, ஒரே மூச்சில் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். பிளேஹெட் (டைம்லைனில் இப்போதைய நேரத்தைக் காட்டும் குறி) நிற்கும் ஃபிரேமிலிருந்துதான் கோடு தொடங்கும். 3-வது விநாடியில் அழிய வேண்டுமானால் முதலில் அங்கே போய் நில்லுங்கள். பி (P) விசையை இருமுறை தட்டினால் டைம்லைனில் கோடுகள் வரும். எண்ட் கீஃப்ரேமை நகர்த்தி வேகத்தைச் சரிசெய்யலாம். இன்னொன்று: பழைய கோடு தேர்வாகியிருக்கும்போது புதிதாகத் தேய்த்தால் பழையதன் பாதை மாறிப்போகும். ஒவ்வொரு முறையும் எஃப்2 தட்டித் தேர்வை நீக்கிவிட்டுத் தேயுங்கள்.