அம்மாவுக்குத் தெரியாத கடன்

கேள்வி: எனக்கு 32, மனைவிக்கு 28. எனக்கு இடது பக்கம் வெரிகோசீல் (விதைப்பை ரத்தக்குழாய்ப் புடைப்பு). விந்தணு எண்ணிக்கை குறைவு. ஒருமுறை ஐ.வி.எஃப். செய்தும் பலிக்கவில்லை. அதற்கு வாங்கிய பெர்சனல் லோன் 3 லட்சம் (மாதம் 10,400), போன மாதம் ஆப்பில் எடுத்த ஒன்றரை லட்சம் (28% வட்டி, மாதம் 14,500) ஓடுகின்றன. என் சம்பளம் 52,000. இப்போது ஆஸ்பத்திரியில் மூன்று முறை ஐ.வி.எஃப்.புக்கு 4.5 லட்சம் பேக்கேஜ், வட்டியில்லாமல் 18 மாதத் தவணை என்கிறார்கள். யூராலஜிஸ்ட் முதலில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார், 85,000 ஆகும். அம்மாவும் நானும் சேர்ந்து போட்ட எஃப்.டி. 4 லட்சம் இருக்கிறது. அதைத் தொட்டால் கேள்வி வரும். ரிப்போர்ட்டையே பைக் சீட்டுக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: பேக்கேஜ் தவணை மாதம் 25,000. ஏற்கெனவே 25,000 போகிறது. மிச்சம் 2,000, பெட்ரோலுக்கே காணாது. 'வட்டியில்லா' என்பதையும் நம்பாதீர்கள். ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

ஆனால் உங்களைக் கெடுப்பது பேக்கேஜ் அல்ல, ஒளித்து ஒளித்துக் கடன் வாங்கும் பழக்கம். ஆப் கடனுக்கு ஓராண்டு வட்டி ஏறக்குறைய 24,000. அதே தொகையை எஃப்.டி.யிலிருந்து எடுத்திருந்தால், 7% வட்டியும் அபராதமும் சேர்ந்து போவது 12,000. அம்மாவிடம் ஒரு கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டதற்கு மீதி 12,000 தண்டம். இத்தனைக்கும் குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் ஆண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு இந்த ரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறது.

எஃப்.டி.யை உடையுங்கள். ஆப் கடனை அடைத்து, ஆபரேஷனையும் முடித்தால் 1.6 லட்சம் மிஞ்சும். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை மிச்சமாகும் 14,500-ஐச் சேர்த்தால் ஆறு மாதத்தில் 87,000. அப்புறமும் ஐ.வி.எஃப். தேவைப்பட்டால் கையில் இரண்டரை லட்சம் ரொக்கம் இருக்கும். காத்திருக்கலாமா என்பதை மட்டும் மனைவியின் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பொதுவாக ஐ.வி.எஃப்.புக்குக் கிடைக்காது. வெரிகோசீல் ஆபரேஷனுக்குத் தனிநபர் பாலிசிகள் பலவற்றில் இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. கம்பெனி குரூப் பாலிசியில் அது இல்லாமலும் இருக்கலாம். அட்மிட் ஆகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவிடம் எல்லாம் விளக்க வேண்டாம், "சின்ன ஆபரேஷன்" போதும். ரிப்போர்ட்டை மட்டும் பைக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மழையில் நனைந்தால் க்ளெய்முக்கு எதைக் காட்டுவீர்கள்?