“அம்மா, இப்ப வரட்டுமா?”

கேள்வி: எனக்கு 41 வயது. காட்பாடியில் இருக்கிறோம். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். எட்டு மாதமாக எனக்கு மாதவிலக்கு வரவில்லை. ராத்திரியில் வேர்த்து ஊற்றுகிறது, தூக்கமே இல்லை. என் அம்மாவுக்கு 50 வயதில்தான் நின்றது. மாமியார், “வேலூர் வெயில், உடம்புல சூடு ஏறிப்போச்சு” என்கிறார். எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்று பார்த்தேன், வரவில்லை. மாமியாரோடு போய் டாக்டரைப் பார்த்தேன். சிகரெட் பழக்கம் உண்டா, வீட்டில் ஏதாவது டென்ஷனா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், இன்னும் எடுக்கவில்லை. கணவர் பெட்ரூமில் ஏசி போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பார். பால்கனிக்குப் போங்கள் என்று சொன்னால் கண்மண் தெரியாத கோபம் வந்துவிடும். எப்போதாவது கை நீட்டுவார், மற்றபடி நல்ல மனிதர். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் டியூஷன் போயிருக்கும் நேரத்தில்தான் நடக்கும். ரொம்பப் பொறுப்பான பெண். டியூஷன் விட்டதும் போன் பண்ணி, “அம்மா, இப்ப வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். பிறந்த வீடு ஆரணி. அண்ணன் கோபக்காரர் என்பதால் அங்கேயும் எதுவும் சொன்னதில்லை. புகையாலும் மனக்கஷ்டத்தாலும் மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிடும் என்று டிவியில் ஒரு டாக்டர் சொன்னார். அது நிஜமா? நின்றதைத் திரும்ப வரவைக்க முடியுமா?

– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: மகளைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். பிளஸ் டூ படிக்கிற பெண் சொந்த வீட்டுக்கு வர எதற்கம்மா அனுமதி கேட்கிறாள்? ஒன்றும் தெரியாத பிள்ளை நேராக வீட்டுக்கு வரும். செருப்பை ஒரு மூலையில் உதறும், பையை ஒரு மூலையில் எறியும், “பசிக்குது” என்று கத்தும். உங்கள் மகள் டியூஷன் வாசலில் நின்று போன் போட்டு, வீட்டில் நிலவரம் எப்படி என்று விசாரிக்கிறாள். முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்பதைத்தான் அவள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். உங்கள் குரல் கம்மியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு “வா கண்ணு” என்கிறீர்கள். அவளுக்குத் தெரியாது என்று இன்னமும் நம்புகிறீர்கள்!

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொண்டால் அம்மா நிம்மதியாக இருப்பாள் என்று அவளே முடிவு செய்துகொண்டு உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய வயதில் அவள் தலையில் இந்தச் சுமை. இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்துவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். இருபது வருடமாக இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் “பிள்ளைகளுக்குத் தெரியாது” என்ற வாக்கியம் இல்லாத கடிதம் அபூர்வம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே எழுதும்போதுதான் எத்தனை வயதிலிருந்து தெரியும் என்பது வெளியே வருகிறது.

அடுத்து அந்த ‘கண்மண் தெரியாத கோபம்.’ மகள் வீட்டில் இருக்கும்போது அவருக்குக் கண்ணும் மண்ணும் நன்றாகத் தெரிகிறதே? டியூஷனுக்குப் போனபிறகுதானே கை நீளுகிறது? சிகரெட்டும் அப்படித்தான். 2008 அக்டோபர் 2 முதல் வேலை செய்யும் இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. கம்பெனிக்குள் அவர் பற்றவைக்க முடியாது, ஷிப்ட் முடியும்வரை அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார். மேனேஜர் திட்டினால் அவரை அடிக்கிறாரா? அடக்கத் தெரிந்த மனிதர்தான். உங்கள் முன்னால் மட்டும் அடக்கவேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்திருக்கிறார். ‘மற்றபடி நல்ல மனிதர்’ என்று எனக்கு எழுதாதீர்கள்.

சரி, உடம்புக்கு வருவோம். டிவியில் அந்த டாக்டர் சொன்னது உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

புகையைப் பற்றிய சான்று உறுதியானது. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம்தான் மிஞ்சும். அதன்பிறகு குறைந்துகொண்டே போகும், புதிதாக உண்டாவதில்லை. சிகரெட் புகையில் இருக்கும் சில நச்சுப்பொருள்கள் இந்த முட்டைகளைச் சீக்கிரம் அழிக்கின்றன. புகைபிடிக்கும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 80,000 பெண்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. வாழ்நாளில் சிகரெட்டையே தொடாமல், மற்றவர் விட்ட புகையை மிக அதிகமாகச் சுவாசித்த பெண்களுக்கும் சுமார் 13 மாதம் முன்னதாக நின்றது என்று அதில் தெரிந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி ஓடுகிற அறையில் ஊதினால் அந்தப் புகை எங்கே போகும்? நம் வீட்டு ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. கதவைத் திறந்தால் மகள் மூச்சுக்கும் அதே புகைதான், அவள் முட்டைகளும் எண்ணிக்கையில் அடங்கியவைதான்.

அடி உதைக்கும் மாதவிலக்கு நிற்பதற்கும் உள்ள தொடர்பு அத்தனை நேரடியாகச் சொல்லக்கூடியது இல்லை. துணையிடம் வன்முறையை அனுபவித்த பெண்களுக்குச் சீக்கிரம் நிற்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மேல்நாடுகளில் அப்படி அடிபடும் பெண்கள் மற்றவர்களைவிட அதிகம் புகைபிடிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். எவ்வளவு அடியால், எவ்வளவு புகையால் என்று பிரிப்பது அங்கே சிரமம். இங்கே பெண்கள் புகைபிடிப்பது குறைவு. உங்கள் வீட்டில் புகையும் அடியும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன, அதுவும் புகையை வெளியே விடுங்கள் என்று கேட்டதற்கே அடி விழுகிறது.

இரவு வியர்வை விஷயம் வேறு. கலிஃபோர்னியாவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 2,000-க்கும் அதிகமான பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. துணையின் வசவுக்கும் மிரட்டலுக்கும் ஆளான பெண்களிடம் இரவு வியர்வையும் தூக்கக் கோளாறும் அதிகமாக இருந்தன.

இனி நீங்கள் கவனிக்கவேண்டியது. எட்டு மாதம் வராததாலேயே நின்றுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. 45-க்கு முன்னால் நின்றால் சீக்கிரம், 40-க்கும் முன்னால் என்றால் மிகச் சீக்கிரம். அம்மாவுக்கு நின்ற வயது பெரும்பாலும் மகளுக்கும் ஒரு அடையாளம். உங்கள் அம்மாவுக்கு 50 என்றால், 41-ல் வராமல் இருப்பதை வெயில் தலையில் கட்டிவிட்டு உட்காரக்கூடாது. வேலூர் வெயிலில் உங்கள் மாமியாரும்தானே காலம் முழுக்க இருந்தார்? புகையை மட்டும் காரணம் சொல்லி ஒன்பது வருட வித்தியாசத்தை விளக்கவும் முடியாது. தைராய்டு இருக்கலாம், புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கலாம். சிரிக்காதீர்கள், கர்ப்பமாகக்கூட இருக்கலாம். ஓயாத பயத்திலும் மன அழுத்தத்திலும் இருந்தால், சினைப்பைக்கு மூளை அனுப்பும் சமிக்ஞையே குறைந்துபோய் மாதவிலக்கு தடைபடுவதும் உண்டு. முட்டை இருக்கும், உத்தரவு வராது. அப்படியானால் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது.

இதில் எது என்பதைச் சொல்லத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனை. அதில் எஃப்எஸ்ஹெச் என்று ஒன்று இருக்கும், சினைப்பையைத் தூண்ட மூளையிலிருந்து வரும் ஹார்மோன். அதன் அளவு மிகவும் கூடியிருந்தால் சினைப்பை ஓய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை பார்த்துச் சந்தேகமாக இருந்தால் ஒரு மாத இடைவெளியில் மறுபடியும் எடுப்பார்கள். சினைப்பை நிஜமாகவே ஓய்ந்திருந்தால் எள்ளுருண்டை திரும்பக் கொண்டுவராது. எள் எலும்புக்கு நல்லது, சாப்பிடுங்கள், அவ்வளவுதான். சீக்கிரம் நின்றவர்களுக்கு எலும்புத் தேய்மானமும் இதய நோயும் வரும் அபாயம் கூடுதல். அதனால் வேறு தடை இல்லாதவர்களுக்கு, இயல்பாக நிற்கவேண்டிய வயதுவரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். டாக்டர் கொடுத்தால் எதிர் வீட்டுக்காரம்மா பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அந்தச் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறீர்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனங்கள் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து உங்கள் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள், வைத்தியத்துக்காக. அதே ஊரில் இருந்துகொண்டு டாக்டர் முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். வேலூர் சிஎம்சி எப்படி வந்தது என்று தெரியுமா? 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வலியில் மூன்று பெண்கள். மூன்று கணவர்களும் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் அது. அந்தக் காலத்துப் பெண்ணை டாக்டரிடம் விடாமல் தடுக்கக் கணவன் வேண்டியிருந்தது. உங்களைத் தடுக்க யாரும் வேண்டாம் போலிருக்கிறது.

அடுத்த முறை மாமியாரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். நர்ஸிடம் “டாக்டர்கிட்ட தனியா பேசணும்” என்று சொன்னால் போதும், அதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம்தான். அறையில் புகை, வீட்டில் அடி, இரண்டையும் சொல்லுங்கள். காயம் இருந்தால் காட்டுங்கள், எழுதச் சொல்லுங்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் அந்தக் குறிப்பு சாட்சி சொல்லும்.

நான் பழைய ஆள். எடுத்த எடுப்பில் பெட்டியைக் கட்டு என்று எழுதுகிறவள் இல்லை. குடும்பத்தைச் சேர்த்து வைக்கப் பாடுபடவேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அப்படிப் பாடுபடுவதில் பாதி புருஷன் பங்கு. உங்கள் பங்கை இத்தனை வருடம் செய்தாயிற்று. அவர் பங்கு இரண்டே விஷயம்: கையைக் கட்டுவது, சிகரெட்டை விடுவது. புகையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. அதை அழைக்கவேண்டியவர் அவர். அவருக்காக நீங்கள் போன் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். அவர் சிகரெட்டை விட்டாலும் அடிப்பதை விடவில்லை என்றால் என் கணக்கில் ஒன்றும் மாறவில்லை.

உங்களுக்கான எண் 181. பெண்களுக்கான உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, வசவும் மிரட்டலும் செலவுக்குப் பணம் தராததும்கூட வன்முறைதான். வீடு அவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும், சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் சமூகநலத் துறையைக் கேட்டால் பாதுகாப்பு அலுவலரிடம் அனுப்புவார்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்ற கவலையும் வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும். இதெல்லாம் நமக்கு எதற்கு, நாம் அப்படிப்பட்ட குடும்பமா என்று நினைப்பீர்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ‘அப்படிப்பட்ட குடும்பம்’ இல்லை.

மகளிடம் இந்த வாரமே பேசுங்கள். கதை கதையாகச் சொல்லவேண்டாம். “உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இதைச் சரி பண்ண வேண்டியது நான், நீ இல்ல” என்றால் போதும். அப்பாவை வெறுக்கச் சொல்லித் தராதீர்கள், அப்பா செய்தது சரி என்றும் சொல்லித் தராதீர்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன். தங்கை அடிபடுவது தெரியாமல் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்து வைத்து, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவரை அப்படி ஏமாளியாக வைத்திருப்பதும் பாவம்தான். கோபக்காரர், அடிதடியாகிவிடும் என்று பயந்தால் முதலில் அண்ணியிடம் சொல்லுங்கள். எப்போது, எப்படிச் சொல்வது என்று அண்ணிக்குத் தெரியும். மூன்று பேரும் பேசி முடித்த பிறகு உங்கள் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம், தனியாக நீங்கள் ஆரம்பிக்கவேண்டாம். ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே ஆரணி பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.