வாசகர் கேள்வி பதில்: குட்டியா, இல்ல வளந்ததே அவ்வளவுதானா?

கேள்வி: ரோஜாத் தொட்டிய நகத்தி வெச்சப்ப அடியில அரிசி மாதிரி நீட்டமா, தேன் கலர்ல நத்தைங்க நெறைய இருந்துச்சுங்க. மழைக்கு வந்து பப்பாளி நாத்தெல்லாம் தின்னுட்டுப் போற பெரிய நத்தையோட குட்டிதான் இது, இப்பவே உப்பக் கொட்டிருன்னு எங்க அம்மிச்சி சொல்றாங்க. கொட்டட்டுமாங்க? போட்டோ அனுப்பியிருக்கறேன். (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: கொட்டாதீங்க, உப்பு மொதல்ல ரோஜா வேரத்தான் கெடுக்கும். போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேனுங்க, அது குட்டி இல்ல, வளந்து முடிஞ்சதே அவ்வளவுதான். அல்லோபியாஸ் கிரேசிலின்னு பேரு, 1834லயே ஹட்டன்ங்கறவரு நம்ம நாட்டுல எடுத்த ஓட்ட வெச்சு எழுதிட்டாரு, இன்னைக்கு தொட்டி மண்ணோட சேந்து ஒலகத்துல வெயில் அடிக்கற நாடு பூராவும் போயிருச்சு.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஓட்டு நுனியப் பாத்துத்தான். நத்தை பாம்பு மாதிரி சட்டை உரிக்காது, ஒரே ஓடுதான் ஆயுசுக்கும். முட்டைக்குள்ள இருக்கறப்பவே மொதல் சுத்து உண்டாயிரும், பொறவு ஓட்டோட வாய் ஓரத்துல மட்டும் சுண்ணாம்பு சேத்தி சேத்தி ஒட்டிட்டே போகும், அதனால எவ்வளவு பெருசானாலும் பொறந்தப்ப இருந்த ஓடு அப்படியே நுனியில உக்காந்திருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தையோட முட்டையே அஞ்சு மில்லிமீட்டர் இருக்கும், அதுல இருந்து வர்ற குட்டி உருண்டையா, ரெண்டு ரெண்டரை சுத்தோடதான் வெளிய வரும். உங்க நத்தைய எண்ணிப் பாருங்க, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள்ளயே ஏழெட்டு சுத்து இருக்குது, நுனியும் பென்சில் சீவுன மாதிரி. இத்தன சுத்து சுத்தியும் இவ்வளவுதான் வளந்திருக்குதுன்னா அது பெரிய நத்தையோட குட்டியா எப்படிங்க இருக்கும்?

காங்கேயத்துல கல்லு பட்டை தீட்டறவங்க கண்ணுகிட்ட வெச்சுப் பாப்பாங்களே ஒரு லென்ஸ், அது ஒண்ணு எங்கிட்ட பத்து வருசமா இருக்குது, அதுல உசுரோட இருக்கற இந்த நத்தைய ஒரு தடவ பாத்துருங்க. ஓடு கண்ணாடி மாதிரி இருக்கறதால உள்ள ஒடம்பு ஓடறது தெரியும், சிலதுல உருண்டை உருண்டையா வெள்ள முட்டை கூட வரிசையா நிக்கறது தெரியும். நான் மொதல் தடவ பாத்தப்ப காப்பி ஆறிப் போனது கூட தெரியாம பாத்துட்டு இருந்தேன்.

இது பெரும்பாலும் மக்குன இலையத்தான் திங்கும், ரொம்ப பெருகுனா இளந்தண்டச் சொரண்டும், தண்ணியக் கொறச்சு ஊத்துனா தானா கொறஞ்சிரும். அதே தொட்டியில இதே மாதிரி ஒல்லியா, ஆனா ஒடம்பு ஆரஞ்சு செவப்பா ஒண்ணு ஊருச்சுன்னா அது ஹட்டனெல்லா பைகலர், அதுக்கு இந்த மாதிரி சின்ன நத்தைங்கதான் சாப்பாடு, அதயும் விட்டு வைங்க. பெரிய நத்தைய மட்டும் கையுறை போட்டுப் பொறுக்குங்க, அதுகிட்ட மூளைக்குப் போற ஒரு புழு இருக்கலாம், வெறுங்கையில தொட வேண்டாம். அது நம்ம ஊரு நத்தையே இல்லீங்க, 1847ல பென்சன்ங்கறவரு மொரிசியஸ்ல இருந்து கொண்டு வந்து கல்கத்தாவுல ஒரு தோட்டத்துல விட்டது. நம்ம நாட்டு பொடி நத்தைங்களுக்கு பேரு வெச்சவங்கள்ல அவரும் முக்கியமான ஆளுங்கறப்ப மனசுக்குக் கஷ்டமா இருக்குது.

கேள்வி: மாடு மேயற கொரங்காட்டுல மழை பேஞ்ச அன்னைக்குத்தான் பொடி நத்தைங்கள பாக்கறேன், சித்திரை வெயில்ல எல்லாம் செத்துப் போயிருமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: சாகாதுங்க. கல்லுக்கடியிலயோ கிளுவை வேலித் தூர்லயோ போய் உள்ள இழுத்துக்கிட்டு, ஓட்டு வாயில சளிய விட்டு ஜவ்வு மாதிரி மூடிக்கும், காஞ்சதும் அது பேப்பர் மாதிரி ஆயிரும், உள்ள ஈரம் போகாது. ஒரு எகிப்து பாலைவன நத்தைய செத்துதுன்னு நெனச்சு 1846ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல அட்டையில ஒட்டி வெச்சுட்டாங்க, நாலு வருசம் கழிச்சு 1850ல வெதுவெதுப்பான தண்ணியில போட்டா எந்திரிச்சு நடக்குது. அதனால கல்லப் பொரட்டிப் பாத்தீங்கன்னா மறுபடி அதே மாதிரி வெச்சுட்டு வாங்க.

கேள்வி: ஒலகத்துலயே சின்ன நத்தை எது? (மாணவி, பொள்ளாச்சி)

பதில்: தரையில வாழற நத்தைங்கள்ல, வடக்கு வியட்நாம்ல சுண்ணாம்புக்கல்லு குகையில எடுத்த அங்கஸ்டோபிலா சாமியான், 2022ல பேரு வெச்சாங்க, ஓடு அரை மில்லிமீட்டர்தாம்மா ஒசரம். நம்ம பக்கத்து நீலகிரிக்கும் ஒரு பொடிசு இருக்குது, ஒபிஸ்தோஸ்டோமா நீல்கிரிகம், 1860ல பிளான்ஃபோர்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேரு வெச்சது. கடைசி சுத்து மத்த சுத்துகள விட்டுப் பிரிஞ்சு, வாய் பின்னால திரும்பி நிக்கும், இப்படி ஒரு ஓட்ட ஒரு நத்தை கட்டுதுன்னு நம்பவே தோணாது.

கேள்வி: ஓடு சேத்தணும்னு ஆசை, எப்படிங்க தேடறது? (பையன், பிளஸ் ஒன், சத்தியமங்கலம்)

பதில்: கண்ணுல தேடுனா கெடைக்காது தம்பி. தோட்டத்து மரத்தடியில இருந்து ரெண்டு கை மக்குன இலையும் மேல்மண்ணும் எடுத்துக்கோ, மொதல்ல பேப்பர் மேல பரப்பி உசுரோட ஊர்றத எல்லாம் பொறுக்கி எடுத்த எடத்துலயே விட்டுரு. மிச்சத்த நல்லாக் காய வெச்சு வாளித் தண்ணியில போடு, மண்ணு அடியில போயிரும், காலி ஓட்டுக்குள்ள காத்து இருக்கறதால அது மேல மிதக்கும், டீ வடிகட்டியில அள்ளிரலாம். நனைஞ்ச பெயிண்ட் பிரஷ் நுனியில தொட்டுத் தூக்கு, விரல்ல புடிச்சா நொறுங்கிரும். தீப்பெட்டியில பஞ்சு வெச்சு, எந்த எடம், எந்த மரத்தடி, என்ன தேதின்னு சீட்டு எழுதிப் போட்டுரு, சீட்டு இல்லாத ஓட்ட வெச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. உங்க தோட்டத்துல மட்டும் எடு, வனத்துறை காட்டுல அனுமதி இல்லாம ஒரு ஓடு கூட எடுக்கக் கூடாது. கெடைச்சத எழுதி அனுப்பு, சுத்து எத்தனைன்னு எண்ணிப் போட மறந்துராத.