பார்சல் எங்கே என்று காட்ட பிரவுசர் ஏன் மறுக்கிறது?

கேள்வி: பத்தமடையில் கோரைப்பாய் நெய்து இணையத்தில் விற்கிறோம். பார்சல் எங்கே இருக்கிறது என்பதை எங்கள் தளத்திலேயே காட்டலாம் என்று கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயை (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்) ஜாவாஸ்கிரிப்டில் அழைத்தேன். பிரவுசரில் பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு எழுத்தில் 'கார்ஸ்' பிழை. அதே அழைப்பு, ஏபிஐகளைச் சோதிக்கும் போஸ்ட்மேன் செயலியில் வேலை செய்கிறது. என்ன வழி?

பதில்: போஸ்ட்மேனில் விடை வருவதே துப்பு. உங்களைத் தடுப்பது பிரவுசர். நெறிமுறை (எச்டிடிபியா, எச்டிடிபிஎஸ்ஸா என்பது), டொமைன், போர்ட் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரே இடம் என்று அது கருதும். வேறிடத்துத் தகவலை, அந்த இடத்தின் அனுமதி இல்லாமல் உங்கள் ஸ்கிரிப்டைப் படிக்க விடாது. அந்த அனுமதியைத் தரும் முறைதான் 'கார்ஸ்'. இந்தத் தடை, 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசர் கொண்டுவந்த விதி. இது இல்லாவிட்டால், நீங்கள் திறக்கும் ஏதோ ஒரு பக்கம் உங்கள் வங்கிக் கணக்கைப் படித்துவிடும்.

ஏபிஐ சாவியை ஹெடரில், அதாவது அழைப்போடு சேர்ந்து போகும் குறிப்பில், அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பிரவுசர் முதலில் 'ஆப்ஷன்ஸ்' என்ற முன்விசாரணையை அனுப்பும். கூரியர் சர்வர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் உங்கள் உண்மையான அழைப்பு புறப்படவே புறப்படாது.

சர்வர்களுக்கு இடையே இந்தத் தடை கிடையாது. உங்கள் ஹோஸ்டிங்கில், சர்வரிலேயே ஓடும் சிறிய பிஎச்பி கோப்பு ஒன்றை வையுங்கள். பக்கம் அந்தக் கோப்பை அழைக்கட்டும். கோப்பு, வேறு சர்வரை அழைக்க உதவும் 'கர்ல்' மூலம் கூரியரைக் கேட்டு விடையைத் திருப்பித் தரட்டும். கூரியர் முகவரியைக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். வெளியிலிருந்து பார்சல் எண்ணை மட்டும், அதுவும் சரிபார்த்து, வாங்குங்கள். முகவரியையும் வெளியிலிருந்து வாங்கினால், ஊரார் எல்லோரும் உங்கள் சர்வர் வழியாக எங்கெங்கோ போய்வருவார்கள். உங்கள் சாவியும் இனி சர்வரிலேயே இருக்கும். அதை ஜாவாஸ்கிரிப்டில் வைத்திருந்தது, கார்ஸ் பிழையை விடப் பெரிய ஆபத்து. உடனே புதுச் சாவி வாங்கிவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழிகளை நம்ப வேண்டாம். அழைப்பில் 'நோ-கார்ஸ்' என்று போட்டால் பிழை மறையும், விடையைப் படிக்க முடியாது. தடையை நீக்கும் எக்ஸ்டென்ஷன் உங்கள் கணினியில் மட்டுமே வேலை செய்யும். சேரன்மகாதேவியில் இருக்கும் வாடிக்கையாளரின் போனில் அது ஏது? இலவச ப்ராக்ஸி (இடையில் நின்று அழைப்பைக் கடத்தும் அடுத்தவர் சர்வர்) என்றால் சாவியும் வாடிக்கையாளர் விவரமும் முகம் தெரியாதவர் கையில். ஜேசன்பி பழைய தந்திரம். அடுத்தவர் ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் ஓடவிடுவது அது.

இரண்டு டொமைன்களும் உங்களுடையவை என்றால் மட்டும், விடை தரும் சர்வரில் அனுமதி ஹெடர்களை நீங்களே போடலாம். முக்கியமானது, அனுமதி பெறும் தளத்தின் முகவரியைச் சொல்லும் 'அக்சஸ்-கண்ட்ரோல்-அலோ-ஆரிஜின்'. அதில் எழுதும் தள முகவரியின் கடைசியில் சாய்கோடு கூடாது. குக்கியும் அனுப்புவதானால், எல்லோருக்கும் அனுமதி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி செல்லாது.

கோப்பை வைத்த பிறகும் விடை வரவில்லையென்றால் கன்சோலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காரணம் பிஎச்பி பிழைப் பதிவில் இருக்கலாம்.